மிதவை மாடல் ரொம்ப வேகமா ஆடுது, அவசரம்

ராதாபுரம்_தம்பி:
அண்ணாச்சிமாரே, கடல்ல மிதக்குற காத்தாலைக்கு மாடல் செஞ்சிருக்கேன். பைப்புதான். ஒரு பக்கம் அமுக்கி விட்டா 1.6 செகண்டுல ஆடித் திரும்புது. கணக்குப்படி 2.5 வரணும். எங்க இடிக்குது? வெள்ளிக்கிழமை காலேஜ்ல காட்டணும்.

பேட்டை_பிளம்பர்:
எத்தன இஞ்சு பைப்பு? எண்ட் கேப் ஒட்டுன இடத்துல தண்ணி இறங்கியிருக்கும். ராவு பூரா தண்ணில போட்டு எடை பாரு. லீக்குதான்.

வள்ளியூர்_87:
ஸ்கேல் என்ன? எடை? எந்தத் தண்ணி, எவ்வளவு ஆழம்? ஒண்ணுமே சொல்லலியே தம்பி.

ராதாபுரம்_தம்பி:
1:100. 110 எம்எம் பிவிசி, மூணு தூணு, முக்கோணமா அரை மீட்டர் இடைவெளி. தூணுக்குள்ள மணல் போட்டு 20 செ.மீ. முங்கி நிக்கு. 5.7 கிலோ. பம்புசெட் தொட்டி, மூணடித் தண்ணி.

பேட்டை_பிளம்பர்:
அப்ப தூணுக்குள்ள இன்னும் மணல் போடு. அடி கனத்தா ஆட்டம் அடங்கும்.

கப்பல்_வாத்தியார்:
மணல் போடச் சொன்னவரு ஒரு தஞ்சாவூர் பொம்மையத் தட்டிப் பாக்கணும். அடி கனக்கக் கனக்க வெடுக்குனு நிமிரும். ஆட்டம் வேகமாத்தான் ஆகும். இங்க பல தரம் எழுதியாச்சு, யாரும் தேடிப் படிக்கிறதில்ல.

சின்ன மாடல நிஜ அளவோட பொருத்திப் பாக்குற ஃப்ரூட் விதிப்படி நீளம் 100-ல ஒரு பங்குன்னா நேரம் 10-ல ஒரு பங்கு, எடை 10 லட்சத்துல ஒரு பங்கு. உம்ம 5.7 கிலோ கடல்ல 5,700 டன். மொத்த எடை சரியா இருந்தா மட்டும் போதாது, அது எந்த உயரத்துல உக்காந்திருக்குங்கிறதும் பொருந்தணும். கோபுர உச்சியில என்ன வச்சிருக்கீரு?

ராதாபுரம்_தம்பி:
90 செ.மீ. குச்சி, அதுல அட்டை விசிறி.

கப்பல்_வாத்தியார்:
அதான் விஷயம். நிஜ ஆலையில விசிறி, ஜெனரேட்டர் எல்லாம் சேந்து சில நூறு டன் உச்சியில நிக்கும். உம்ம டிசைன்ல 250 டன்னுன்னா 250 கிராம் கட்டும். அதே அளவு மணலக் கீழ இருந்து எடும். மிச்ச மணலயும் எடுத்துட்டு இரும்ப போல்ட் போட்டு இறுக்கும், உள்ள உருளக் கூடாது. மாடலப் படுக்க வச்சு ரெண்டு கயித்துல தொங்கவிட்டு முறுக்கி விட்டு, ஆடுற நேரத்த அளந்தா நிலைமத் திருப்புத்திறன், அதாவது அதத் திருப்ப எவ்வளவு முரண்டு பிடிக்குங்கிற அளவு, கிடைக்கும். இன்னும் நேரம் கூடணும்னா தூணுக்கு அடியில அகலத் தட்டு மாட்டும். தட்டு தண்ணியையும் சேத்து இழுக்கும்.

உவரி_கடலோடி:
1.6 மாடல்லன்னா கடல்ல 16 செகண்டு. கள்ளக்கடல் அலை அந்தக் கணக்குலதான வரும்! தெக்க தூரத்துல புயலடிச்சு, இங்க காத்தே இல்லாதப்ப நீளநீளமா வருமே, அதுதான். மேடையும் அலையும் ஒரே தாளத்துக்கு வந்துட்டா ஆட்டம் ஏறிக்கிட்டே போவும். தம்பி, இத விட்றாத.

வள்ளியூர்_87:
கள்ளக்கடல் மேக்குக் கரை சமாச்சாரம்வே. இந்தப் பக்கம் இலங்கை மறைச்சிரும்.

உவரி_கடலோடி:
இலங்கை மறைக்கிறது கிழக்க. தெக்க திறந்துதான கிடக்கு? வள்ளத்த ராத்திரியில மேட்டுக்கு இழுத்துக் கட்டுனவன் சொல்லுதேன்.

வள்ளியூர்_87:
வராதுன்னு சொல்லல. கொல்லங்கோடு, குளச்சல்ல அடிக்கிற அடி உவரியில இருக்காது.

உவரி_கடலோடி:
அடி கொறஞ்சாலும் செகண்டு கொறையாதுவே. தம்பிக்கு வேண்டியது செகண்டு.

பேட்டை_பிளம்பர்:
லீக்கப் பாத்தியா தம்பி?

ராதாபுரம்_தம்பி:
லீக் இல்ல. உச்சியில 250 கிராம் கட்டியாச்சு, 2.1 வருது. தட்டு வெட்டக் குடுத்திருக்கேன். நன்றி அண்ணாச்சி.

கப்பல்_வாத்தியார்:
தட்டு விட்டம் எவ்வளவு? அடியில இருந்து எத்தன செ.மீ. தள்ளி?