மெஷ்ஷை மாற்றினேன், ஸ்லாப் உடைந்தது

குண்டுவெடிப்பு அழுத்தத்தில் ஒரு கான்கிரீட் ஸ்லாப் எப்படி உடையும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அதற்கு ஸ்லாப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாக (எலிமென்ட்) பிரிக்க வேண்டும்; அந்தக் கட்டங்கள் சேர்ந்த வலைதான் மெஷ். 50 மி.மீ. எலிமென்ட் போட்டு ஓட்டினேன். ஸ்லாப் வளைந்தது, அடியில் விரிசல் விட்டது, ஆனால் தாங்கிவிட்டது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று 25 மி.மீ. ஆக்கி இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திறந்தால், சேதம் மொத்தமும் நடுவில் ஒரே வரிசை எலிமென்ட்டில் குவிந்து ஸ்லாப் இரண்டாகியிருந்தது. அதே சுமை, அதே கம்பி, அதே கான்கிரீட்.

இரண்டு நாள் இன்புட் ஃபைலில் எழுத்துப்பிழை தேடினேன். பிழை அங்கே இல்லை. இழுவிசையில் உச்ச வலிமையைத் தாண்டியதும் கான்கிரீட் வலு இழந்துகொண்டே போகும். கணக்கில் அந்த இழப்பு ஒரு வரிசை எலிமென்ட்டுக்குள் ஒதுங்கிவிடும். எலிமென்ட் சிறுக்கச் சிறுக்க, உடைவதற்குச் செலவாகும் ஆற்றலும் சிறுக்கும். நிஜத்தில் ஒரு சதுர மீட்டர் விரிசல் திறக்க ஏறக்குறைய 100 ஜூல் வேண்டும், நம் மெஷ் எப்படி இருந்தாலும். 1976-ல் ஆய்வாளர் ஹில்லர்போர்க்கும் கூட்டாளிகளும் இந்த ஆற்றலைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். 1983-ல் பாஜன்ட்டும் ஓவும் விரிசலை ஓர் அகலமுள்ள பட்டையாகக் கருதும் தங்கள் ‘விரிசல் பட்டை’ மாதிரியில், உச்சத்துக்குப் பிறகு இறங்கும் வளைகோட்டை அந்தப் பட்டையின் அகலத்தோடு கட்டிப்போட்டார்கள். கான்கிரீட்டின் குணங்களைக் கொடுக்கும் என் மெட்டீரியல் கார்டில் அந்த அகலத்தையே நான் கொடுக்கவில்லை! கொடுத்ததும் இரண்டு மெஷ்ஷும் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தந்தன. ஸ்லாப் தாங்கியது, ஆனால் நான் முதலில் நம்பிய அளவுக்கு இல்லை.

*

இதே வேலை செய்யும் இன்னொருவர் சொன்னது: எனக்கு நடந்தது வேறு மாதிரி. சுவருக்கு முன்னால் குண்டு வெடித்தால் என்ன ஆகும் என்பது என் கணக்கு. அழுத்த அலை சுவரின் பின்முகத்தில் பட்டு இழுவிசை அலையாகத் திரும்பும். கான்கிரீட்டின் இழுவலிமை அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்குதான், அதனால் வெடி படாத பக்கத்திலும் சில்லு பெயரும். சுவருக்குப் பின்னால் ஆட்கள் இருப்பார்கள் என்பதால், அந்தச் சில்லுகளின் வேகம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஓர் எலிமென்ட் எவ்வளவு சிதைந்தால் அதைக் கணக்கிலிருந்து நீக்குவது என்ற வரம்பைக் குறைவாக வைத்திருந்தேன். பின்முகத்தில் விழுந்த பள்ளம் சோதனைப் படத்தைப் போலவே இருந்தது, அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டியிருப்பேன். அப்புறம் நிறைக் கணக்கைத் திறந்தால், பெயர்ந்த பகுதி எங்குமே இல்லை. சில்லாகப் பறக்க வேண்டியதெல்லாம் பறக்கும் முன்பே நீக்கப்பட்டிருந்தது. வரம்பை உயர்த்தி மறுபடி ஓட்டினேன். பள்ளம் கொஞ்சம் அலங்கோலமாக வந்தது, ஆனால் துண்டுகள் வேகத்தோடு வெளியே வந்தன.