எங்க அபார்ட்மென்ட்ல டெங்கு கொசு பூட்டின வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு, உங்க அனுபவமும் எழுதுங்க

சென்னைல போன ஐப்பசி மழை விட்டதும் எங்க பிளாக்ல அடுத்தடுத்து காய்ச்சல், ரெண்டு குழந்தைங்களுக்கு டெங்குன்னே ரிசல்ட் வந்துடுச்சு. எல்லாரும் வெளிய ஓடுற கால்வாயத்தான் திட்டுனாங்க, புகை அடிக்கச் சொல்லுங்கன்னு அசோசியேஷன் குரூப்ல ஒரே மெசேஜ். ஆனா டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு தேங்கி நிக்கிற நல்ல தண்ணிதாங்க வேணும், பெரும்பாலும் 100, 200 மீட்டரத் தாண்டி பறக்கவும் செய்யாது. அப்போ நம்ம பில்டிங்லயே எங்கயோதான் இருக்கணும்.

கார்ப்பரேஷன்ல இருந்து கொசுப்புழு பாக்க வர்ற அக்கா டார்ச்சோட வந்தாங்க. மொட்டைமாடி, சம்ப், பூந்தொட்டி தட்டு எல்லாத்தையும் பாத்துட்டு "பூட்டின வீடு ஏதும் இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க. ரெண்டாவது மாடி வீட்டு ஓனர் துபாய்ல, அவருக்குப் போன் பண்ணி அவரு தம்பிகிட்ட சாவி வாங்கி தொறந்தா வெஸ்டர்ன் டாய்லெட் தண்ணில புழு தலைகீழா தொங்குது, வெளிச்சம் பட்டதும் நெளிஞ்சு நெளிஞ்சு அடிக்குப் போகுது. பால்கனி பக்கெட்லயும் அதே கதை.

தண்ணிய கொட்டிட்டு விட்றாதீங்க, ஓரத்துல ஒட்டுன முட்டை காஞ்சு போனாலும் மாசக்கணக்கா தாங்கும், தண்ணி பட்டா பொரிச்சிடும், நார் போட்டு தேச்சுக் கழுவுங்கன்னு சொன்னாங்க. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும், அதான் வாரம் ஒருக்கா கட்டாயம் பாக்கணும். புகை பறக்குற கொசுவத்தான் கொல்லும், புழு அப்படியே இருக்கும். இப்போ ஆளில்லாத வீட்டு சாவியெல்லாம் செக்ரட்டரிகிட்ட இருக்கு, டாய்லெட் மூடிய சாத்தி டேப் ஒட்டிட்டோம், டேங்க் ஓவர்ஃப்ளோ பைப்புக்கு நைலான் வலை கட்டியாச்சு.

பதில் 1:
அக்கா, நல்லா எழுதியிருக்கீங்க. ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, காலைல ஸ்கூல் கிளம்புற நேரமும் பொழுது சாயுற நேரமும்தான் ஜாஸ்தி, அதனால பசங்களுக்கு ஃபுல் பேன்ட் போட்டு விடுங்க. எங்க பொண்ணுக்கு நாலாவது நாள் காய்ச்சல் இறங்குச்சு, நாங்க நிம்மதியா மூச்சு விட்டோம், ஆனா டாக்டர் இனிமேதான் ரொம்பக் கவனமா பாக்கணும்னுட்டாரு. கடுமையான வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், குழந்தை சோர்ந்து விழறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொல்ற அளவு. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு அதிகமாயிடும். கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ்னு கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே இருந்தோம்.

பதில் 2:
நம்ம ஊர் மலேரியா கொசுவும் கிணறு, ஓவர்ஹெட் டேங்க்னு நல்ல தண்ணிலதாங்க முட்டை போடும். எங்க வீட்டுக் கிணத்துல கம்பூசியா மீன் விட்டிருக்கோம், புழுவ விடாம தின்னுடுது. டேங்க் மூடி உடைஞ்சிருந்தா மழைக்கு முன்னாடியே மாத்திடுங்க.