புதுப்பிப்பு: என் தீவு நாட்டுக்கு ஆட்சிமுறை கிடைத்துவிட்டது

நான் எழுதிவரும் கற்பனைத் தீவுக்கு மன்னராட்சி பொருந்துமா, வணிகர் சபை பொருந்துமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் மன்னர் பக்கம் நின்றீர்கள். வெனிஸ் மாதிரி வணிகர் ஆட்சி என்றும் யோசனை வந்தது. கடைசியில் குழு ஆட்சியை எடுத்துக்கொண்டேன்.

விதை நம்ம கொழும்பிலேயே கிடந்தது: பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில், 1931இல் இலங்கைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பு. அரசாங்க சபை என்ற அன்றைய சட்டமன்றத்தின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்யும், அவரே அமைச்சர். பிரதமர் கிடையாது. காலிமுகத்திடலில் நிற்கிற பழைய பாராளுமன்றக் கட்டடத்தில்தான் அந்தச் சபை கூடியது.

கதைக்கு உயிர் இந்த முறையின் ஓட்டையில் இருக்கிறது. எல்லாக் குழுவிலும் பெரும்பான்மை வரும்படி ஆட்களைப் பரப்பி வைத்தால், ஏழு தலைமைகளையும் ஒரே தரப்பு அள்ளிவிடலாம். 1936இல் அமைச்சர்கள் அனைவரும் சிங்களவராகவே அமைந்தார்கள். விதி எதுவும் மீறப்படவில்லை. சிறுபான்மைக்கு இதைவிடக் கசப்பான தோல்வி ஏது? என் நாவலின் முதல் அத்தியாயம் குழு பிரிக்கும் இரவில்தான் தொடங்குகிறது.

சரி, இன்னும் ஒரு சிக்கல். டொனமூர் முறையில் நிதி, தெரிவான அமைச்சரிடம் இல்லை. பிரித்தானிய அதிகாரியிடம் இருந்தது. என் தீவை யாரும் வெளியிலிருந்து ஆளவில்லை. அப்படியானால் கருவூலச் சாவி யாரிடம் இருக்கலாம்? துறைமுகக் குழுவிடம் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.