1988 பொங்கல் டெஸ்ட், அப்பாவின் எட்டு கேசட்டுகள்: எப்படிக் காப்பாற்றுவது?

அல்சூர்வாசி:
பெங்களூர் அல்சூர் வீட்டைக் காலி செய்யும்போது பரணில் எட்டு சி-90 (90 நிமிட) கேசட் கிடைத்தது. அப்பா சென்னையில் இருந்தபோது ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த தமிழ் வர்ணனை, சேப்பாக்கத்தில் சுழற்பந்து வீச்சாளர் ஹிர்வானி தன் முதல் டெஸ்ட்டிலேயே வெஸ்ட் இண்டீஸின் 16 விக்கெட்டை எடுத்த மேட்ச். ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன், குரல் வர்ணனையாளர் அப்துல் ஜப்பார் மாதிரி இருக்கிறது, நடுவில் எங்கள் வீட்டு குக்கர் விசில் வேறு. இரண்டு கேசட்டில் டேப் ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றி இரைச்சலை எடுத்துவிடலாமா?

பழைய டெக்:
முதலில் அந்த வெள்ளை பூத்த இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள், டெக்கில் போடவே போடாதீர்கள். அது பூஞ்சை, ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பாகம்) ஒட்டினால் அடுத்த கேசட்டுக்கும் போகும். மற்றதைப் போடும் முன் ஒருமுறை முழுக்க ஓட்டி ரிவைண்ட் செய்யுங்கள். சத்தம் மந்தமாக வந்தால் டேப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுப் பட்டை விழுந்திருக்கும், அதை ஒட்டலாம். எஸ்.பி. ரோடில் பழைய டெக் கிடைக்கும், ஆனால் டேப்பை ஓட்டும் ரப்பர் பெல்ட்டை மாற்றாமல் வாங்கினால் குரல் இழுத்து இழுத்து வரும் (நான் பட்டேன்).

மிட் ஆன்:
இரைச்சலை எடுக்காதீர்கள் சார். கூட்டத்தின் சத்தமும் ஏறக்குறைய அதே மாதிரிதான், சாஃப்ட்வேருக்கு வித்தியாசம் தெரியாது, விக்கெட் விழும்போது சேப்பாக்கமே தண்ணிக்குள் மூழ்கினாற்போல் ஆகிவிடும். வேவ் கோப்பாக (சுருக்காத ஒலிக்கோப்பு) அப்படியே ஏற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில். குக்கர் விசிலும் இருக்கட்டும். அப்புறம், 'மாதிரி இருக்கிறது' என்று பெயர் போட்டுவிடாதீர்கள், மைக்கை மாற்றிக் கொடுக்கும்போது வர்ணனையாளர்களே பெயர் சொல்வார்கள், அதுவரை கேளுங்கள்.

அல்சூர்வாசி:
சரி, மூன்று ஏறிவிட்டது. கடைசி இன்னிங்ஸில் விக்கெட் கீப்பர் மோரே ஐந்து ஸ்டம்பிங் செய்தாரே, ஒன்றாவது முழுசாகக் கிடைக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். ஹிர்வானி ஓடி வருகிறார், பேட்ஸ்மேன் இறங்கி வருகிறார், டக்கென்று பட்டன் எகிறும் சத்தம். பக்கம் முடிந்துவிட்டது. அப்பா திருப்பிப் போடுவதற்குள் அடுத்த ஆள் கிரீஸுக்கு வந்து நிற்கிறார்.