160 குதிரைத்திறனா, 180 குதிரைத்திறனா: வேகமும் ஏற்றமும்

கேள்வி:
செஸ்னா 172 என்னும் ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தின் 172 ஆர் வகையில் 160 குதிரைத்திறனும் 172 எஸ் வகையில் 180 குதிரைத்திறனும் இருந்தும், பயண வேகம் ஓரிரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) மட்டுமே வேறுபடுவது ஏன் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
காற்றின் இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான திறன் ஏறத்தாழ மும்மடிக்கு ஏற்பவும் உயர்வதால், திறனை 12.5 விழுக்காடு கூட்டினாலும் வேகம் சுமார் 4 விழுக்காடுதான் கூடும். திறனை இருமடங்காக்கினால்கூட 26 விழுக்காடுதான். வேகமே நோக்கமெனில் இழுவையைக் குறைப்பதே நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
கூடுதல் திறனின் பயன் ஏற்றத்தில்தான் தெரியும். மட்டமாகப் பறக்கத் தேவையானது போக மிஞ்சும் திறனே விமானத்தை மேலே தூக்குகிறது. 2,450 பவுண்டு எடையில், இறக்கைச்சுழலியின் (புரொப்பெல்லர்) செயல்திறனை 70 விழுக்காடு எனக் கொண்டால், அந்த 20 குதிரைத்திறன் நிமிடத்துக்குச் சுமார் 190 அடி ஏற்றத்தைச் சேர்க்கும். ஆனால் 172 எஸ் வகையில் விமானத்தின் மொத்த எடை 2,550 பவுண்டு வரை இருக்கலாம் என்பதால், முழுச் சுமையில் இந்த ஆதாயத்தின் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. உயரமான ஓடுதளங்களில் நிலைமை என்ன?

மறுமொழி 2:
அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள லெட்வில் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து 9,900 அடிக்கும் மேலே உள்ளது. அங்கு காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினின் திறனும் குறைந்து, மிஞ்சும் திறன் மிகச் சிறிதாகிவிடும். வெயில் நாளில் அங்கிருந்து கிளம்பும்போது சுமையைக் குறைப்பதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.