புதுப்பிப்பு: ஃபர்னஸ் ஹியூமிடிஃபையரைச் சுற்றிக் கறுப்புப் படலம்

டொராண்டோ வீட்டு பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரைச் சுற்றிக் கறுப்பாகப் படர்ந்திருப்பது பூஞ்சையா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பூஞ்சையேதான். வடிகுழாயைப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. கரன்ட்டையும் தண்ணீர் வால்வையும் அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினேன், ஈரத்துணி வாடை. உள்ளே தண்ணீரில் நனையும் பேட் சுண்ணாம்பு படிந்து அப்பளமாக விறைத்திருந்தது. வடிகுழாய்க்குள் வழுவழுவென்று சளி மாதிரி அடைப்பு. வழிந்த தண்ணீர் சூடான காற்று போகும் டக்ட்டுக்குள் ஒட்டியிருந்த இன்சுலேஷன் பஞ்சை நனைத்திருக்கிறது.

டக்ட்டின் தகரத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்தேன். நனைந்த பஞ்சைத் துடைத்துப் பயனில்லை, ஆள் வைத்து வெட்டி மாற்றியாயிற்று. ப்ளீச் மட்டும் ஊற்றாதீர்கள், அந்தக் காற்றைத்தான் வீடு முழுக்கச் சுவாசிக்கிறோம்.

ஈரப்பதத்தை 45-லிருந்து 30 சதவீதத்துக்கு இறக்கியதும் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிவது நின்றுவிட்டது. மகளுக்கு இரவு இருமல் இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.