ஸ்டீம்போட் பில் ஜூனியர் (1928): பகையைத் தீர்த்தது காதலா, புயலா?

கொட்டகைவாசி:
பஸ்டர் கீட்டனின் இந்த ஊமைப்படத்தை ஆளாளுக்குத் தலையில் வைத்து ஆடுகிறார்கள். எனக்கு ஒரு குறை. ஆற்றங்கரை ஊரில் இரண்டு படகு முதலாளிகள். கான்ஃபீல்டிடம் ஓட்டை நீராவிப் படகு, பணக்கார கிங்கிடம் புத்தம் புதுசு. கான்ஃபீல்டின் மகனுக்கும் (இவர்தான் கீட்டன்) கிங்கின் மகள் கிட்டிக்கும் காதல். கதை சூடுபிடிக்கிற நேரத்தில் புயல் வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கிறது. மனம் மாறி யாரும் சமாதானம் ஆகவில்லை. இதைப் போய்க் காதல் நகைச்சுவை என்கிறார்கள்!

பம்பரம்:
அந்தப் புயலும் திட்டமிட்டதில்லை. முதலில் வெள்ளம்தான் வருவதாக இருந்தது. 1927இல் மிசிசிப்பி பெருவெள்ளம் ஊர் ஊராக அழித்ததால் மாற்றினார்கள். உங்கள் கட்சிக்குத்தான் பலம்.

ஆறாம்வரிசை:
சார், காதலை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். படம் அப்பாவையும் பிள்ளையையும் பற்றியது. வருஷக்கணக்கில் பார்க்காத மகன் ரயிலில் வருகிறான். சட்டையில் வெள்ளைப் பூ குத்தியிருப்பேன் என்று தந்தி. ஸ்டேஷனில் பார்த்தால் ஆளாளுக்கு வெள்ளைப் பூ! ஆஜானுபாகுவான பிள்ளையை எதிர்பார்த்த அப்பாவுக்கு (நடிகர் எர்னஸ்ட் டாரன்ஸ்) கிடைப்பது சின்ன மீசையும் உகுலேலே என்ற குட்டி கிதாருமாக ஒரு நோஞ்சான். முதல் வேலையாக மீசையை எடுக்க வைக்கிறார், அடுத்து தொப்பிக் கடை. ஒவ்வொரு தொப்பியாக வைத்துப் பார்க்கும்போது கீட்டனின் வழக்கமான தட்டைத் தொப்பியும் வரும், அவசரமாகக் கழற்றிவிடுவார். 'இவன் என் பிள்ளைதானா?' என்ற கேள்விக்குப் பதில்தான் புயல். படகில் தடுக்கி விழுந்தவன் அன்றைக்குக் கயிறுகளைக் கட்டி, ஒற்றை ஆளாகப் படகைச் செலுத்தி, ஆற்றில் மிதக்கும் சிறைக் கட்டடத்திலிருந்து அப்பாவை மீட்கிறான். கிங்கையும் அவனே காப்பாற்றுகிறான். இதற்கு மேல் என்ன மனமாற்றம் வேண்டும்?

கொட்டகைவாசி:
அப்பா, பிள்ளை, சரி. கிட்டி? அந்தப் பெண்ணுக்குப் படத்தில் என்ன வேலை? காத்திருப்பதும் காப்பாற்றப்படுவதும்தான். கிட்டியாக நடித்த மேரியன் பைரனுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. இயக்குநர் ரைஸ்னர், கீட்டன் இரண்டு பேருமே அவளைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

பம்பரம்:
இதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாகக் கீட்டன் மேல் விழும், ஜன்னல் இடைவெளி மட்டும் அவரைத் தப்பவிடுமே, அந்தக் காட்சிக்கு எதையும் மன்னிக்கலாம். சுவர் இரண்டு டன் எடை என்பார்கள். இரண்டு அங்குலம் தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை.

ஆறாம்வரிசை:
கிட்டி விஷயத்தில் நானும் வாதாட வரவில்லை. ஆனால் கடைசியை மறந்துவிட்டீர்களே! எல்லாரையும் மீட்டுவிட்டு மறுபடி தண்ணீரில் குதிக்கிறான். யாரை மீட்கப் போகிறான் என்று படகில் இருப்பவர்கள் விழிக்க, ஒரு பாதிரியாரை இழுத்துக்கொண்டு வருகிறான். கல்யாணம் பண்ணிவைக்க! அப்பாக்களிடம் சம்மதம்கூடக் கேட்கவில்லை. காதல் நகைச்சுவை இல்லாமல் இது வேறென்ன?

கொட்டகைவாசி:
பாதிரியாருக்காக வேண்டுமானால் அரை மதிப்பெண். கிட்டியைக் கேட்டானா என்று முதலில் சொல்லுங்கள்.